வலம்புரி எலக்ட்ரானும் இடம்புரி எலக்ட்ரானும்

கேள்வி:

ஐயா, எனக்கு ஊர் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவிடம் ஒரு மீன்பிடி வல்லம் இருக்கிறது. ஏலக் கணக்கு, டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு எல்லாம் வீட்டில் நான்தான் எழுதுகிறேன். போன செமஸ்டரில் குவாண்டம் மின்இயக்கவியல் நடத்தினார்கள். கேஜ் மாற்றம் செய்தால் எலக்ட்ரானின் நிறை உறுப்பு மாறாது என்று நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. இந்த செமஸ்டரில் எலக்ட்ரோவீக் கோட்பாடு. இதில் ‘நிறை உறுப்பு கேஜ் சமச்சீர்மையைக் கெடுக்கும், எழுதவே கூடாது’ என்கிறார்கள். ஒரே எலக்ட்ரான்தானே ஐயா? அங்கே சரியாக இருந்தது இங்கே எப்படித் தப்பாகும்? செமினாரில் கேட்டேன். ‘ஹிக்ஸ் வந்து நிறை கொடுக்கும்’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். எலக்ட்ரானுக்கு நிறை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை நாமே எழுதிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? எனக்கு இதெல்லாம் வராதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். இந்தக் கேள்வியைத் தானாக வந்து கேட்ட மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் இரண்டு செமஸ்டரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். உங்களை உட்கார வைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள்.

நேர் விடை இதுதான். இரண்டு செமஸ்டரிலும் படித்தது சரி. ‘நிறை என்றாலே கேஜ் சமச்சீர்மைக்கு ஆகாது’ என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதுதான் தப்பு. (அளவை இடத்துக்கு இடம் மாற்றி வைத்துக்கொண்டாலும் இயற்பியல் மாறாது என்பதுதான் கேஜ் சமச்சீர்மை; விவரம் கீழே வருகிறது.) நிறை உறுப்பு, அதாவது கோட்பாட்டின் கோவையில் நிறை வரும் துண்டு, எலக்ட்ரானின் இடப் பாதியையும் வலப் பாதியையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. மின்காந்த விசையின் கண்ணுக்கு அந்த இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இருக்கின்றன, அதனால் முடிச்சுப் போடலாம். மென்விசைக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆட்கள். அங்கே முடிச்சு நிற்காது. (பள்ளிப் பாடநூல் ‘வலிமை குறைந்த அணுக்கரு விசை’ என்று நீட்டிச் சொல்வதைத்தான் மென்விசை என்கிறேன். மின்காந்த விசையை மட்டும் சொல்வது நீங்கள் போன செமஸ்டரில் படித்த குவாண்டம் மின்இயக்கவியல்; இரண்டு விசையையும் சேர்த்துச் சொல்வது எலக்ட்ரோவீக் கோட்பாடு.)

இடப் பாதி, வலப் பாதி என்றால் என்ன? நீங்கள் மன்னார் வளைகுடாவை ஒட்டி வளர்ந்தவர், உங்களுக்குச் சங்கை வைத்துச் சொல்வதுதான் முறை. என் மேசையில் கீழக்கரையில் வாங்கிய சாதாரணச் சங்கு ஒன்று இருக்கிறது. அதன் வால் முனை மேலே இருக்கும்படி, வாய் என்னைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் விழுகிறது. இடம்புரி. சங்கு குளிப்பவர்கள் எடுப்பதில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். வாய் வலப்பக்கம் விழும் வலம்புரி அபூர்வம். அதற்கு என்ன விலை சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலங்கியல் புத்தகத்தைத் திறந்தால் நம் வலம்புரியை ‘இடச்சுழி’ என்று போட்டிருக்கும். அவர்கள் சங்கைத் தலைகீழாக, கூர் உச்சி மேலே இருக்கும்படி பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். எதை வலம் என்பது, எதை இடம் என்பது பிடிப்பவரைப் பொறுத்தது. ஆனால் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஒரு இடம்புரியை வலம்புரி ஆக்க முடியாது. கண்ணாடியில் காட்டினால் மட்டும்தான் ஆகும்.

பெயர் நம் வசதிக்கு, வித்தியாசம் இயற்கையுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் சமாச்சாரம் முழுவதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

எலக்ட்ரான் புலத்துக்கும் இப்படி இரண்டு சுழி உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் இடக்கை, வலக்கை என்று சொல்வதை நான் வகுப்பில் இடம்புரி, வலம்புரி என்றே சொல்வேன். நிறையே இல்லாத துகளாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஓடும். நிறை வந்துவிட்டால் அப்படி இருக்க முடியாது. ஏன்?

உங்கள் அப்பாவின் வல்லத்துக்கு முன்னால் இன்னொரு வல்லம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் விசிறி ஒரு பக்கமாகச் சுழல்கிறது. ஓடும் திசையையும் சுழலும் திசையையும் சேர்த்துப் பார்த்து, ‘இது வலம்புரி’ என்கிறீர்கள். இப்போது அப்பா வேகத்தைக் கூட்டி அதை முந்திவிடுகிறார். உங்கள் வல்லத்திலிருந்து பார்த்தால் அந்தப் படகு பின்னோக்கிப் போகிறது. விசிறி சுழல்வதில் மாற்றமில்லை. ஓட்டம் மட்டும் திரும்பிவிட்டது. ஆக, வலம்புரி இடம்புரி ஆகிவிட்டது. ஒளி வேகத்தில் ஓடும் நிறையற்ற துகளை யாராலும் முந்த முடியாது, அதனால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. நிறையுள்ளதை முந்தலாம். முந்தக்கூடிய துகளுக்கு ஒரு சுழி மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். இப்படிப் பார்ப்பவரைப் பொறுத்து மாறுவதற்குப் பெயர் ஹெலிசிட்டி. புலத்தின் சொந்தச் சுழிக்குப் பெயர் கைராலிட்டி. அது பார்ப்பவரைப் பொறுத்து மாறாது, ஆனால் நிறை இருந்தால் நேரம் போகப் போக ஒன்று மற்றொன்றாக மாறும். நிறை இல்லாதபோது இரண்டும் ஒன்றே. தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதித்தான் நிறையப் பேர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

சங்கு உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் சங்கு தன் சுழியை மாற்றிக்கொள்ளாது. எலக்ட்ரான் மாற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் சும்மா நிற்கும் எலக்ட்ரானில் இடம்புரியும் வலம்புரியும் சரிபாதி. எலக்ட்ரானின் நடத்தையைச் சொல்லும் டிராக் சமன்பாட்டை இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இடம்புரிக்கான சமன்பாட்டில் வலம்புரியும், வலம்புரிக்கானதில் இடம்புரியும் வரும். இரண்டு இடத்திலும் அவற்றுக்கு முன்னால் நிற்பது நிறை. அந்த எழுத்தைச் சுழியம் ஆக்கினால் இரண்டு சமன்பாடுகளும் உறவு அறுந்து தனித்தனியாகிவிடும். இதைக் கையால் ஒரு முறை எழுதிப் பார்த்தவருக்கு மறக்காது.

இனி கேஜ். இந்தச் சொல் நம் ஊருக்குப் புதிதல்ல. ராமேஸ்வரம் பாதை 2007 வரை மீட்டர் கேஜ், அப்புறம் அகலப்பாதை. கணிதவியலாளர் ஹெர்மன் வைல் 1918-ல் அளவுகோல் என்ற பொருளில்தான் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். நீளத்தை அளக்கும் கோலை இடத்துக்கு இடம் அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். நீள அளவுக்கு அது ஒத்துவரவில்லை. 1929-ல் அதையே எலக்ட்ரான் அலையின் கட்டத்துக்கு (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு) மாற்றினார், பொருந்திவிட்டது. பாம்பனில் ஒருவர், தேவிபட்டினத்தில் ஒருவர், தொண்டியில் ஒருவர் என்று ஆளுக்கொரு நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினையுங்கள். ஊருக்கு ஊர் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிய பதிவேடு ஒன்று கையில் இருந்தால் எந்தக் குழப்பமும் வராது. மின்காந்தப் புலம் அந்தப் பதிவேடு.

நீங்கள் போன செமஸ்டரில் போட்ட கணக்கில் நடந்தது என்ன? கட்டத்தைத் திருப்பும்போது இடம்புரியும் வலம்புரியும் ஒரே அளவு திரும்பின, ஏனென்றால் இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே, −1. நிறை உறுப்பில் ஒன்று நேராகவும் மற்றொன்று இணையாகவும் (எதிர்ப்பக்கம் திரும்பும் வடிவில்) வருவதால் இந்தத் திருப்பமும் அந்தத் திருப்பமும் கழிந்துபோயின. மிச்சம் எதுவுமில்லை. அதனால் நிறை அனுமதி.

மென்விசை இப்படி நடுநிலையாக நடந்துகொள்வதில்லை. 1956-ல் இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் ‘மென்விசை இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்துகிறதா என்று யாரும் சோதிக்கவே இல்லையே’ என்று கேட்டார்கள். சியென்-ஷியுங் வூ அம்மையார், மென்விசையால் சிதைந்து எலக்ட்ரானை வெளிவிடும் கோபால்ட்-60 அணுக்களை மிகக் குளிர வைத்து, அவற்றின் தற்சுழற்சியை ஒரே திசையில் நிறுத்திப் பார்த்தார். வெளியே வந்த எலக்ட்ரான்கள் தற்சுழற்சிக்கு எதிர்த் திசையிலேயே அதிகம் வந்தன. கண்ணாடிக்குள் தெரியும் உலகமும் நம் உலகமும் ஒன்றல்ல என்பது 1957 தொடக்கத்தில் உறுதியாகிவிட்டது. அதே ஆண்டு சுதர்சனும் மார்ஷக்கும் இதற்குச் சரியான வடிவத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஃபெய்ன்மன், கெல்மான் இருவரும் அதே வடிவத்தை அச்சில் கொண்டுவந்தார்கள். கோட்டயம் பக்கத்தில் பிறந்து, தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர் சுதர்சன். இந்தக் கதையை நடத்தும் எந்த வகுப்பிலும் அவர் பெயரைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

அந்த வடிவம் சொல்வது: மின்னூட்டம் கைமாறும் மென்விசை வினைகள் இடம்புரியோடு மட்டுமே பேசும். இடம்புரி எலக்ட்ரானும், மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோ என்ற துகளும் ஒரு ஜோடி. மென்விசையின் கேஜ் மாற்றம் அந்த ஜோடியை ஒன்றுக்குள் ஒன்றாகத் திருப்பும். வலம்புரி எலக்ட்ரானோ ஜோடி இல்லாமல் தனியாக நிற்கிறது. திருப்பம் அதைத் தொடுவதே இல்லை. இப்போது நிறை உறுப்பை எழுதினால் ஒரு பாதி திரும்புகிறது, மறு பாதி அசையாமல் இருக்கிறது. கழிந்துபோக வழியில்லை.

நீங்கள் கணக்கு எழுதுபவர், இதையும் கணக்காகவே எழுதிவிடுவோம். எலக்ட்ரோவீக் கோட்பாட்டில் ஹைப்பர்சார்ஜ் என்று மின்னூட்டம் போன்ற ஒரு இருப்பு உண்டு. இடம்புரி ஜோடிக்கு −1/2. வலம்புரி எலக்ட்ரானுக்கு −1. (சில புத்தகங்களில் இரட்டிப்பாக −1, −2 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், எழுதும் வழக்கம்தான் வேறு.) விதி ஒன்றுதான்: லக்ராஞ்சியனில் (கோட்பாடு முழுவதையும் அடக்கிய கோவையில்) எழுதும் ஒவ்வொரு வரியும் கூட்டினால் சுழியத்தில் முடிய வேண்டும். இணையாக வருவதற்குக் குறி மாறும். நிறை உறுப்பில் இடம்புரி இணையாக வருகிறது, அதனால் +1/2. வலம்புரி −1. கூட்டினால் −1/2. கணக்கு இடிக்கிறது. ஏலம் முடிந்து டீசல், ஐஸ், பங்கு எல்லாம் போட்ட பிறகும் அரை ரூபாய் குறைந்தால் நோட்டை மூட மாட்டீர்கள் அல்லவா? அதே நிலைமை.

விட்டுப்போன அரையை யார் கொண்டுவருவது? செமினாரில் உங்களுக்குப் பெயர் மட்டும் சொன்ன ஹிக்ஸ்தான். அது வெளி எங்கும் பரவியிருக்கும் ஒரு புலம், அதன் ஹைப்பர்சார்ஜ் +1/2. அதுவும் ஒரு ஜோடி. மூன்றையும் பெருக்கி ஒரே உறுப்பாக எழுதுங்கள்: இணை இடம்புரி +1/2, ஹிக்ஸ் +1/2, வலம்புரி −1. சுழியம். ஜோடியின் திருப்பமும் நேராகிவிடுகிறது, ஏனென்றால் இடம்புரி ஜோடி திரும்பும் அளவுக்கு ஹிக்ஸ் ஜோடியும் திரும்புகிறது. இதை யுகாவா உறுப்பு என்பார்கள். இதில் நிறை என்ற எழுத்தே இல்லை, கவனித்தீர்களா? மூன்று புலங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் ஹிக்ஸ் புலம் வெற்றிடத்திலும் சுழியம் ஆவதில்லை. அதன் அளவு 246 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் இந்த அலகில்தான் சொல்வோம்), எங்கும் நிறைந்து நிற்கிறது. அந்த எண்ணை உறுப்புக்குள் போட்டால் மிஞ்சுவது இடம்புரி, வலம்புரி, முன்னால் ஒரு எண். அந்த எண்ணைத்தான் நாம் எலக்ட்ரானின் நிறை என்கிறோம். கேஜ் சமச்சீர்மை உடையவில்லை. சமன்பாட்டில் முழுசாக இருக்கிறது, வெற்றிடம் அதை வெளியே தெரியவிடாமல் மறைக்கிறது. 1967-ல் இயற்பியலாளர் வைன்பெர்க் லெப்டான்களுக்கு (எலக்ட்ரான், நியூட்ரினோ போன்ற துகள்களுக்கு) எழுதிக் காட்டியது இந்த உறுப்பைத்தான். சலாம் தனியாக இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

இனி உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி: ‘நாமே எழுதிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்?’ எழுதலாம், யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். கணக்குப் போடும்போதுதான் தெரியும். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி, மென்விசையைக் கடத்தும் டபிள்யூ போசான்கள் இரண்டு பிறக்கும் நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வீச்சில் (நிகழ்தகவைக் கணக்கிட உதவும் கோவையில்) எலக்ட்ரானின் நிறையையும் மோதலின் ஆற்றலையும் பெருக்கினாற்போல ஒரு துண்டு வருகிறது. ஆற்றல் கூடக் கூட அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் நிகழ்தகவு 1-ஐத் தாண்டிவிடும். நூறு படகு போன கடலில் நூற்றிருபது படகு திரும்பியது என்பது போன்ற விடை அது. அதே நிகழ்வு ஹிக்ஸ் வழியாக நடக்கும் வழியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் அந்தத் துண்டு அப்படியே கழிந்துவிடுகிறது. கழிய வேண்டுமானால் ஹிக்ஸ் எலக்ட்ரானோடு இணையும் வலிமை சரியாக எலக்ட்ரான் நிறைக்கு விகிதத்தில் இருக்க வேண்டும். யுகாவா உறுப்பு தருவதும் அதே விகிதம்தான். கையால் எழுதிய நிறைக்கு இந்தத் துணை கிடையாது. 1971-ல் டூஃப்ட், இப்படி மறைந்த கேஜ் சமச்சீர்மை கொண்ட கோட்பாடுகளில் முடிவிலிகளை முறையாகக் களைய முடியும் என்று காட்டியபோதுதான் உலகம் வைன்பெர்க்கின் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தது. கேஜ் சமச்சீர்மையைப் பலர் அழகுக்காக வைத்திருக்கும் விதி என்று நினைக்கிறார்கள். அது போனால் விடையே வராது.

வெறும் காகிதக் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் துகளை அறிவித்தது. நிறை சுமார் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். 2018-ல், குவார்க் என்னும் அடிப்படைத் துகள்களில் டாப் வகையோடும் பாட்டம் வகையோடும் அது இணைவதை நேராகப் பார்த்துவிட்டார்கள். வலிமை நிறைக்கு விகிதத்தில்தான் இருக்கிறது. எலக்ட்ரானோடு இணையும் வலிமை மிகச் சிறியது, இன்னும் அளக்கப்படவில்லை.

செமினாரில் உங்களுக்குக் கிடைத்த ‘ஹிக்ஸ் நிறை கொடுக்கும்’ என்ற பதிலில் விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. ஹிக்ஸ் அனுமதி வாங்கித் தருகிறது, எவ்வளவு என்பதை அது முடிவு செய்வதில்லை. 246-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 174. ஒரு துகளின் நிறையை இதனால் வகுத்தால் கிடைப்பது அதன் யுகாவா எண், அதாவது அது ஹிக்ஸோடு இணையும் வலிமை. டாப் குவார்க்கின் நிறை சுமார் 173, ஆக அதன் யுகாவா எண் கிட்டத்தட்ட 1. எலக்ட்ரானின் நிறை 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட்; அதன் எண் பத்து லட்சத்தில் 3. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்குக் கோட்பாட்டுக்குள் விடை கிடையாது. சோதனையில் அளந்து எழுதிக்கொள்கிறோம். அதோடு, உங்கள் வீட்டு வல்லத்தில் வரும் சீலா மீனின் எடை முழுவதும் ஹிக்ஸிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறை கூடினால் 9 பக்கம். நூற்றில் ஒரு பங்கு. மீதி எல்லாம் குவார்க்குகளைக் கட்டி வைத்திருக்கும் வலிய விசையின் ஆற்றல்.

‘எனக்கு வராதோ’ என்று கேட்டிருந்தீர்கள். வரும், வந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். இடம்புரி குவார்க் ஜோடிக்கு ஹைப்பர்சார்ஜ் 1/6, வலம்புரி டவுன் குவார்க்குக்கு −1/3, வலம்புரி அப் குவார்க்குக்கு 2/3. ஏலக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலேயே போடலாம். டவுனுக்கு ஹிக்ஸை அப்படியே போட்டால் கணக்கு நேராகும். அப்புக்கு ஆகாது, அங்கே ஹிக்ஸின் இணையைப் போட வேண்டியிருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்தால் இந்தப் பாடத்தின் பாதி உங்கள் கையில் வந்துவிட்டது. ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் கழகத்தில் இந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறார்கள். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு இரவு ரயில் தூரம்தான்.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். வலம்புரி நியூட்ரினோ என்று ஒன்று இருந்தால் அதற்கு மின்னூட்டம் 0, ஹைப்பர்சார்ஜ் 0, மென்விசையில் ஜோடியும் இல்லை. எந்த நோட்டிலும் பேர் இல்லாத ஆள். அதற்கு நிறை எழுத ஹிக்ஸ் தேவையா, இல்லையா? அது தன்னோடு தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளலாமா? விடையையும் நீங்கள் போட்ட வழியையும் எழுதி அனுப்புங்கள். நியூட்ரினோவின் நிறையைப் பற்றி அடுத்த கடிதத்தில் அங்கிருந்தே தொடங்கலாம்.